தோல் புற்றுநோயை நீங்களே தேடிப் பார்ப்பது எப்படி? உள்ளங்காலில் தொடங்குங்கள்

குளச்சலில் வள்ளம் ஏறுகிறவரும் புத்தளம் உப்பளத்தில் நிற்கிறவரும் வெயில் என்றதும் முகத்தைத்தான் நினைப்பார்கள். ஆனால் தோல் புற்றுகளில் மோசமான மெலனோமா, நம் நிறத்துக்காரர்களுக்கு வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருகிறது. அதனால் பார்ப்பதைக் காலிலிருந்து தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை, குளித்த பிறகு, பகல் வெளிச்சத்தில் ஒரு கைக்கண்ணாடியோடு உட்காருங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் உள்ளங்கால், விரலிடுக்கு. ஓரம் கோணலாக, நிறம் திட்டுத்திட்டாக, 6 மில்லிமீட்டரைத் தாண்டிய கரும்புள்ளி இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சின்னப் புள்ளிதான், ஆனால் வளர்கிறது என்றாலும் அப்படித்தான். ஆணிக்கால் என்று பிளேடால் சீவுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. புண்ணாகிவிட்டால் புள்ளியின் பழைய உருவம் தெரியாமல் போகும்.

அடுத்து நகம். அடிபட்டு ரத்தம் கட்டியதா, புற்றா என்ற குழப்பம் வரும். கறையின் அடி ஓரத்துக்கு நேராக நகத்தில் லேசாகக் கீறிவையுங்கள். ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு முன்னே நகரும். அடியில் சுத்தமான நகம் முளைக்கும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும். பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே நகத்தில் கோடு அகலமாகி, சுற்றுத் தோலிலும் கறுப்பு பரவினால் காத்திருக்க வேண்டாம்.

பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத கால்புண் உள்ளவர்கள் அவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். பல வருடம் கழித்தும் அங்கே புற்று வரலாம். ஓரம் தடித்து, நாற்றம் எடுத்து, தொட்டால் ரத்தம் கசியும். நான்கு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணும் டாக்டர் பார்க்க வேண்டியதே.

கடைசியாக முகம், காது, கீழுதடு. முத்துப்போல் பளபளக்கும் கறுத்த குரு, நடுவில் குழி விழுந்திருந்தால் மச்சம் என்று விடாதீர்கள். சுண்ணாம்பும் வைக்காதீர்கள். உதட்டில் சொரசொரப்பும் வெடிப்பும் மாறாமல் நின்றால் அது வெயில் செய்த வேலையாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். உணர்ச்சியற்ற வெளிர் தேமல் வேறு கதை. தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

வெயிலுக்கு நனைந்த மெல்லிய தோர்த்துத் துண்டு போதாது, பருத்தி நனைந்தால் புற ஊதாக் கதிரை அதிகம் உள்ளே விடும். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி நல்லது. சன்ஸ்கிரீன் என்றால் எஸ்பிஎஃப் 30, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், இரண்டு மணிக்கொருமுறை. உள்ளங்கால் மெலனோமாவை அது தடுக்காது.

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவைக் கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் பயம். புற்று உறுதியானால் சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள்: சாதாரண வகைக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர், மெலனோமாவுக்கு ஆழத்தைப் பொறுத்து பெரும்பாலும் 1 முதல் 2 சென்டிமீட்டர். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அதையும் காட்டுங்கள். அழகு நிலையத்தில் மச்சம் சுட்டு எடுக்கப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பாத இடத்தில், மாறிக்கொண்டிருக்கும் மச்சத்தில் கை வைக்க விடாதீர்கள்.