கறுப்புப் புகையா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

பழைய புல்லட் 350. சைலன்சர் முனையில் கரி, பெட்ரோல் வாடை, மைலேஜ் அடிவாங்கியிருக்கிறது. உடனே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிப்பதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. போன மாதம்வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் அந்த ஸ்க்ரூ தானாக நகர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏதோ தேய்ந்திருக்கும், அடைத்திருக்கும், அல்லது சரியாக மூடாமல் நிற்கும்.

முதலில் புகையின் நிறம். நீலமாக வந்தால் எரிவது ஆயில். அதற்குக் கார்புரேட்டரைக் கழற்றிப் பயனில்லை. கறுப்பு என்றால்தான் பெட்ரோல் அதிகம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தாலும் சரி, பெட்ரோல் கூடினாலும் சரி, மிச்சம் கரியாகத்தான் வெளியே வரும்.

பிளக்கைப் பார்ப்பதிலும் ஏமாறுகிறோம். வாசலில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுக் கழற்றினால் நல்ல வண்டியின் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரம்கட்டிப் பாருங்கள். உலர்ந்த கரி இருந்தால் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். அப்போதும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்: தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாயின்ட் தேய்ந்து, தீப்பொறி பலவீனமானாலும் பிளக் இப்படித்தான் கறுக்கும்.

ஏர் ஃபில்டர் அடைப்பை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். சோக்கைத்தான் மறக்கிறார்கள். மிக்கார்ப் வகைக் கார்புரேட்டரில் சோக் என்பது தனியாக ஒரு பெட்ரோல் வழி. அதை மூடும் பிளஞ்சரின் அடி ரப்பர் தேய்ந்தால், லீவர் மூடிய நிலையில் இருந்தாலும் பெட்ரோல் கசிந்து உள்ளே போகும். அப்புறம் ஃப்ளோட், அதாவது கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் மிதவை. கழற்றிக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. ஃப்ளோட் சரியாக இருந்தும் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு மூடாவிட்டால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறி எல்லா வேகத்திலும் ரிச் ஆகும். எத்தனால் கலந்த பெட்ரோல்மேல் நேராகப் பழிபோட முடியாது. எத்தனால் கலவையை லீன் பக்கம்தான், அதாவது காற்று அதிகமான பக்கம்தான், தள்ளும். ஆனால் பழைய ரப்பர்களை அது கெடுக்கக்கூடும்.

பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வது எனக்குத் தெரிந்து மிக மோசமான பழக்கம். நானும் ஒருமுறை ஊக்கை நுழைத்திருக்கிறேன். பித்தளை மென்மையானது. துளை ஒரு இம்மி பெரிதானாலும் வண்டி நிரந்தரமாக ரிச்தான், புது ஜெட் வாங்கவேண்டியதுதான். கிளீனர் ஸ்பிரேயும் காற்றழுத்தமும் போதும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஸ்க்ரூவுக்கு வரலாம். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. வெளியே திருகினால் லீன் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் ரிச் ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் நோயைக் கூட்டிவிடுகிறார்கள். அதோடு, இது ஐட்லிங்கையும் அதைச் சற்றுத் தாண்டிய வேகத்தையும் மட்டுமே சரிசெய்யும். பாதி த்ராட்டிலில் கோளாறு என்றால் த்ராட்டிலோடு ஏறி இறங்கும் நீடிலையும் (முன்பு சொன்ன நீடில் வால்வு அல்ல), அது இறங்கும் ஜெட்டையும் பாருங்கள். நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கி லீன் ஆகும்.

கடைசியாக ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் நீர்த்துவிட்டது. கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றாமல் கிக்கரில் கால் வைக்காதீர்கள்.