ஜப்பானியப் பெண் பெயர்களைப் பிரித்துப் படிக்கலாம், செல்லப்பெயரும் வைக்கலாம்: தொடக்கநிலை செய்முறை

மங்கா (ஜப்பானியப் படக்கதை) படிக்கிறவர்களுக்கும் ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியவர்களுக்கும் பெண் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். ஒரு பெயரைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அந்தக் குழப்பம் சீக்கிரம் போய்விடும்.

படி 1: பெயரின் வாலைப் பாருங்கள். 'கோ' என்றால் பெரும்பாலும் குழந்தை, 'மி' என்றால் அழகு, 'கா' என்றால் மணம் அல்லது மலர். (தமிழில் கோ என்று எழுதினாலும் ஜப்பானியத்தில் அது குறில்தான்.)

படி 2: காலத்தை ஊகியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 607இல் சீனாவுக்குத் தூது போன ஓனோ நோ இமோகோ ஓர் ஆண், அதாவது 'கோ' முதலில் பெண்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. 9ஆம் நூற்றாண்டில் சாகா பேரரசர் தன் மகள்களுக்கு அப்படிப் பெயர் வைத்த பிறகு அது மேல்குடிப் பெண்களின் அடையாளமாயிற்று. சாதாரண வீட்டுப் பெண்களோ எடோ காலம் (1603–1868) முழுக்க ஹரு (வசந்தம்), கிகு (செவ்வந்தி), ட்சுரு (கொக்கு) என்று சின்னப் பெயர்களோடு, முன்னால் மரியாதைக்கு ஓர் 'ஒ' சேர்த்து ஒஹரு, ஒகிகு என்றுதான் அழைக்கப்பட்டார்கள். மெய்ஜி காலத்துக்குப் (1868–1912) பிறகு 'கோ' எல்லா வீடுகளுக்கும் பரவியது. 1926இல் ஷோவா காலம் பிறந்ததும், அந்தக் காலப்பெயரில் உள்ள 'இணக்கம்' என்ற காஞ்ஜியை (சீனாவிலிருந்து வந்த, பொருள் உள்ள எழுத்து) கொண்ட கஸுகோ பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 1980களுக்குப் பிறகு 'கோ' வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் அரச குடும்பத்தில் அப்படியே இருக்கிறது. 2001இல் பிறந்த இளவரசி ஐகோவே சாட்சி.

படி 3: எந்தக் காஞ்ஜி எழுத்து என்று கேளுங்கள். ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லும் பட்டியல்களை நம்பாதீர்கள். யோகோ என்பதைக் கடல் என்ற எழுத்தாலும் எழுதலாம், சூரியன் என்ற எழுத்தாலும் எழுதலாம். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வதும் கடினம்தான். குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பும் இடம்பெற வேண்டும் என்ற சட்டமே 2025 மே 26இல்தான் நடைமுறைக்கு வந்தது.

படி 4: செல்லப்பெயர் செய்யுங்கள். விதி எளிது: பெயரை இரண்டு மாத்திரைக்குச் சுருக்கி 'சான்' (chan) சேர்க்க வேண்டும். அகிகோவை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு எழுத்தை வைத்தால் அகி சான், முதல் உயிரை நீட்டினால் ஆ சான், நீட்டாமல் அடுத்து வரும் மெய்யை இரட்டித்தால் அச்சான். நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை, அங்கே இரட்டிக்கும் மெய்க்கு முழு மாத்திரை, அதனால் கணக்கு சரியாக வந்துவிடும். இதே முறையில் யோகோ யொச்சான் ஆவாள், செட்சுகோ செச்சான் ஆவாள். திரும்பிப் போக மட்டும் வழி கிடையாது, ஏனென்றால் அட்சுகோவும் அச்சான்தான், அயகோவும் அச்சான்தான்.

படி 5: யாரை அழைக்கிறோம் என்று பாருங்கள். சான் என்பது குழந்தைகள், தோழிகள், வீட்டார் என்று நெருங்கியவர்களுக்கு உரியது. அலுவலகத்திலோ புதிதாகப் பார்ப்பவரிடமோ குடும்பப்பெயரோடு 'ஸான்' (san) சேர்த்து அழையுங்கள். அவரே "என்னை அகி சான் என்று கூப்பிடுங்கள்" என்று சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளலாம்.