ஹப் மோட்டார் பூட்டி வேகமான மின்சார சைக்கிள் செய்வது எப்படி?

சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார், பூட்டி மணிக்கு 45, 50 கி.மீ. வேகத்தை எட்டலாம். சக்கரத்தை மாற்றி ஒயர்களைச் சேர்த்தாலே வண்டி ஓடிவிடும். அந்த வேகத்தில் அதை நிறுத்துவதும், சக்கரம் கழன்றுவிடாமல் காப்பதும்தான் பெரிய வேலை. அதனால் இங்கே மோட்டாருக்கு முன்பே பிரேக்கைப் பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 250 வாட், 25 கி.மீ. வேகம் வரைதான் மின்சார சைக்கிளுக்கு விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பொதுச் சாலையில் ஓட்டுவதானால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரில் வேகத்தையும் வாட்டையும் அந்த வரம்புக்குள் வையுங்கள்.

1. சைக்கிளும் பிரேக்கும்

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 25 கி.மீ. வேகத்துக்குப் போதுமான ரிம் பிரேக் 50-க்கு உதவாது. இரண்டு சக்கரத்திலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வேண்டும். முன்பக்க டிஸ்க் 180 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஃபிரேம் ஸ்டீலாக இருந்தால் நல்லது. பின்சக்கர ஆக்சில் உட்காரும் இரு பிளவுகளுக்கும் இடையிலான அகலத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான பின்சக்கர மோட்டார்கள் 135 மி.மீ. அகலத்துக்கானவை. பிளவுக்குப் பதில் மூடிய துளை இருக்கும் ஃபிரேமில் சாதாரண ஹப் மோட்டார் ஏறாது.

2. மோட்டாரும் வோல்ட்டேஜும்

ஹப் மோட்டாரில் இரண்டு வகை உண்டு. கியர் உள்ளது எடை குறைவு, மேடு ஏற நல்லது. ஆனால் தொடர்ந்து வேகமாக ஓட, உள்ளே கியரே இல்லாத டைரக்ட் டிரைவ் வகைதான் என் தேர்வு. எடை கூடுதல்தான், தேய்வதற்கு பேரிங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் பின்சக்கரத்திலேயே போடுங்கள். முன் ஃபோர்க் இவ்வளவு முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டதல்ல. அது உடைந்தால் நேராக முகம் தரையில் மோதும்.

வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட்டேஜ். இழுவையைத் தீர்மானிப்பது ஆம்பியர். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கணக்குதான். உதாரணமாக, ஒரு வோல்ட்டுக்கு 10 சுற்று சுற்றும் மோட்டாருக்கு 52 வோல்ட் கொடுத்தால், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 520 சுற்று. ஆள் ஏறி ஓட்டும்போது அதில் சுமார் 80 சதவீதம், அதாவது 416 சுற்று என்று வையுங்கள். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும். பெருக்கினால் மணிக்கு 51 கி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. 72 வோல்ட்டுக்கு ஆசைப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

3. பேட்டரி

லித்தியம் பேட்டரியை முதல்முறை நீங்களே கட்ட வேண்டாம். பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வரும் பேட்டரியை வாங்குங்கள். கன்ட்ரோலர் 30 ஆம்பியர் இழுத்தால் பேட்டரி தொடர்ச்சியாக 40 ஆம்பியராவது தர வேண்டும். 52 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர் என்றால் 1040 வாட்-ஹவர். 45 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 20 வாட்-ஹவர் அளவில் செலவாகும் என்று கொண்டால் 50 கி.மீ. ஓடலாம். எதிர்காற்று இருந்தால் இது வேகமாகக் குறையும்.

சார்ஜரை மாற்றிப் போடாதீர்கள். 14 செல் வரிசை உள்ள 52 வோல்ட் பேட்டரி 58.8 வோல்ட்டில் நிறையும். 13 செல் உள்ள 48 வோல்ட் பேட்டரி 54.6-ல் நிறையும். பெரியதன் சார்ஜரைச் சிறியதில் மாட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

4. டார்க் ஆர்ம்

மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது ஆக்சில் பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பவை ஆக்சிலின் இரண்டு தட்டைப் பக்கங்கள் மட்டுமே. அவற்றுக்கு இடையே வெறும் 10 மி.மீ. மோட்டார் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் பிளவின் விளிம்பில் ஏறத்தாழ 6000 நியூட்டன், அதாவது 600 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். அலுமினியம் என்றால் பட்டென்று விரிந்துவிடும். ஆக்சில் சுழல, மோட்டார் ஒயர்கள் முறுக்கி அறுந்து சக்கரமே வெளியேறும்.

டார்க் ஆர்ம் என்பது ஆக்சிலின் தட்டைப் பக்கத்தைக் கவ்வி, மறுமுனையில் ஃபிரேமோடு பிணையும் தடித்த ஸ்டீல் பட்டை. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போடுங்கள். பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் வசதி இருந்தால் ஆக்சில் முன்னும் பின்னும் ஆடும். அப்போது டார்க் ஆர்மின் துளையில் மயிரிழை இடைவெளியும் ஆகாது.

5. ஒயரிங்

கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்கு மூன்று தடித்த ஒயர்களும், மோட்டார் எந்த நிலையில் சுழல்கிறது என்று சொல்லும் ஹால் சென்சருக்கு ஐந்து மெல்லிய ஒயர்களும் போகும். நிறம் பொருந்தினாலும் வரிசை பொருந்தும் என்று நம்ப முடியாது. கன்ட்ரோலரில் இந்த வரிசையைத் தானாகக் கற்க உதவும் ஒயர் இருந்தால் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி அதை இணையுங்கள். சரியான சுழற்சி வந்ததும் பிரித்துவிடுங்கள். கரகரவென்று இரைந்தாலோ, சும்மா சுற்றும்போதே ஆம்பியர் அதிகம் இழுத்தாலோ வரிசை தவறு.

பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் போடுங்கள். முதல் இணைப்பில் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் நிறையும்போது பெரிய பொறி பறக்கும். பொறியைத் தடுக்கும் கனெக்டர் போட்டால் முனைகள் கருகாது. பிரேக் லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைக் கட்டாயம் இணையுங்கள். த்ராட்டில் சிக்கிக்கொண்டால் அதுதான் காப்பாற்றும்.

6. முதல் ஓட்டம்

ஆளில்லாத சமதளத்தில், ஹெல்மெட்டோடு, கன்ட்ரோலரைக் குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டுங்கள். முதலில் பிரேக்கைப் பல தடவை அழுத்திப் பாருங்கள். சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுச் சூடு பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் ஆம்பியரைக் குறைக்க வேண்டும். ஆக்சில் நட்டுகளையும் டார்க் ஆர்ம் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். ஸ்போக் கம்பிகளும் முதல் நூறு கிலோமீட்டருக்குள் தளரும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தொளதொளப்பதை இறுக்கிய பிறகே வேக வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள்.