இருபது வருஷ வேலை ஒரே நாளில் போனால்: வெட்கத்தில் செய்துவிடும் தவறுகள்

பத்தொன்பது வருஷம் ஏழு மாசம் ஒரே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். சேலத்தில் ஓமலூர் ரோட்டுப் பக்கம், வண்டி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு கேட்டுக்கு வெளியே நின்றேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். அந்த ஒரு மணி நேரத்திலும் அதற்கடுத்த மாதங்களிலும் நாங்கள் செய்த தவறுகளை இப்போது எண்ணிப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் வேர் வெட்கம்தான். வேலை போனதை நம் குற்றமாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்புதான் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடவைக்கிறது, வீட்டுக்குத் தெரியாமல் ஒளியவைக்கிறது, கைக்கு வந்த பணத்தை அவசரமாக ஒரு தொழிலில் போடவைக்கிறது.

நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவது

"நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா உங்களுக்கும் மரியாதைங்க. நாளைக்கு வேற கம்பெனில கேட்டா நல்லபடியாச் சொல்லுவோம்." இதைச் சொன்னவர் கெட்டவர் அல்ல. பத்து வருஷமாக ஒன்றாக டீ குடித்தவர். அதனால்தான் மறுக்க வாய் வரவில்லை. டைப் அடித்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டோம். மூன்று பேர், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

வித்தியாசம் பிறகுதான் புரிந்தது. நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால், ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் வருஷத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தானாக விலகியவருக்கு இது கிடையாது. எழுந்து போன மூன்று பேருக்கும் இழப்பீடு கிடைத்தது. கையெழுத்துப் போட்ட ஒன்பது பேருக்கு இல்லை.

எனவே அந்த அறையில் எதிலும் கையெழுத்து வேண்டாம். எந்தக் காகிதத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்பதை மறுநாளே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ போங்கள். நாங்கள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஆறு மாதம் ஓட்டினோம். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முன்பு மூன்று வருஷம் இருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு வருஷமாகச் சுருங்கிவிட்டது.

இன்னொன்று: "லே-ஆஃப்" என்ற சொல்லைக் கேட்டதும் வேலையே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அது தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருஷம் முடித்த தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்க வேண்டும். ஆனால் தினமும் குறித்த நேரத்தில் கேட்டுக்குப் போய் வருகையைக் காட்ட வேண்டும். கோபத்தில் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பாதியும் போகும்.

டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போவது

பதினோரு நாள் நான் வேலைக்குப் போகிற மாதிரியே வீட்டிலிருந்து கிளம்பினேன். முதல் இரண்டு நாள் புதிய பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த முகங்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாளிலிருந்து அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ் ஏறிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றுவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கீழே இறங்குவேன். மேலே அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும். மனசுக்குள் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலையில் என் மனைவி டிபன் பாக்ஸைக் கட்டவில்லை. "ஏங்க, சட்டைல கிரீஸ் வாசமே இல்லீங்க. மூணாம் நாளே எனக்குத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். நான் உடைந்து அழுதது அன்றைக்குத்தான்.

மறைத்ததற்கு விலையும் இருந்தது. வேலை போன மறுநாள்தான், விஷயம் தெரியாமல், மாதம் 3,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றில் அவள் பேர் கொடுத்திருந்தாள். அன்று இரவே சொல்லியிருந்தால் அந்தச் சுமை ஏறியிருக்காது. பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அப்பா, டியூஷனை நானே நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குக் கொடுத்த பலத்தை ஏரிக்கரை கொடுக்கவில்லை.

சேர வேண்டியதைக் கேட்கக் கூசுவது

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டு வரும்போது சேர வேண்டிய கிராஜுவிட்டி, கம்பெனி பார்த்துத் தருகிற தர்மம் இல்லை. ஐந்து வருஷம் முடித்த நிரந்தரத் தொழிலாளி ராஜினாமா செய்திருந்தாலும் அது அவருடையது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருஷமாகச் சேரும். எனக்கு 18,200 ரூபாய். 26ஆல் வகுத்தால் 700. பதினைந்து நாளுக்கு 10,500. பத்தொன்பது வருஷம் ஏழு மாசம் இருபதாகி, 2,10,000 ரூபாய். கம்பெனி முதலில் பத்தொன்பதுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தது. 10,500 ரூபாய் குறைந்ததைக் கண்டுபிடித்தது என் மனைவி. முப்பது நாளுக்குள் தர வேண்டும்; தாமதித்தால் வட்டியும் உண்டு. எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பத்து வருஷச் சேவை முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதிய உரிமை உண்டு. யாரோ சொன்னார்கள் என்று "எல்லாத்தையும் எடுத்துடலாம்" எனக் கிளம்பாமல், பென்ஷன் கணக்குக்கு ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரை பார்த்த சேவையைக் காட்டும் சான்று) வாங்கி வையுங்கள். அடுத்த கம்பெனியின் சேவை அதோடு சேர்ந்துகொள்ளும்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர்கள் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம், அதாவது உதவி பெறக்கூடிய மாதங்கள், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போன பிறகும் வைத்தியத்துக்கு வழி இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். இ.எஸ்.ஐ.யில் இருந்து வேலை இழந்தவர்களுக்கு, 2018இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் என்று ஒன்றும் உண்டு. தகுதி உள்ளவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்நாளில் ஒரு முறை. அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம், ஆகவே கிளை அலுவலகத்தில் உடனே கேளுங்கள்.

மூன்றே மாதத்தில் முதலாளி ஆவது

சேலத்தில் இந்த ஆசை சீக்கிரம் வந்துவிடும். ஒரு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஒரு பக்கம் தறி, ஒரு பக்கம் ஜவ்வரிசி. எல்லோர் சொந்தத்திலும் ஒருவர் இதில் இருப்பார். பணிக்கொடை வந்த வாரமே என் மச்சான், "மாமா, ரெண்டு லட்சம் போடுங்க, கொலுசுல பங்கு" என்றான். நல்ல மனசோடு கேட்டான். ஆனால் வெள்ளி விலை ஒரே வாரத்தில் ஏறி இறங்கும், கொடுத்த சரக்குக்குக் காசு வர மாசக்கணக்காகும். தினச் செலவுக்கே சம்பளம் இல்லாதவன் அந்தக் காத்திருப்பைத் தாங்க மாட்டான். எங்களில் ஒருவர் இப்படி ஒரு பட்டறையில் போட்ட பணம் இன்னும் சரக்காகவே கிடக்கிறது. தொழில் செய்வது தவறில்லை. மூன்று மாதம் அந்தப் பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வங்கி மேனேஜரைப் பாருங்கள். 90 நாள் நிலுவை ஆகிவிட்டால் கணக்கு வாராக்கடனாகிவிடும். பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வேலை கேட்டுப் போனபோது, கம்பெனி ஏன் விட்டது என்று கேட்பார்கள் என வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே போனேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "ஸ்டாக்குல எத்தனை ஐட்டம் பாத்தீங்க?" என்றார். நாலாயிரத்துச் சொச்சம் என்றேன். கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.