விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறும் முன்: எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் செய்வது

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். ஆனால் கடைசியில் சொல்லும் நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால், அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டைகளை அடைக்க எதுவும் வராது. நெட்பேங்கிங், ஜிஎஸ்டி வேலையெல்லாம் நடக்கிற கம்ப்யூட்டரை இப்படியே விட்டுவைப்பது சரியல்ல. அதே சமயம், "இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது அல்ல" என்று திரையில் வந்த உடனே புதிது வாங்கக் கிளம்பவும் வேண்டாம். 2019-க்குப் பின் வாங்கியதாக இருந்தால், பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் ஓடும் மதர்போர்டு அமைப்பு) ஏதோ ஒன்று அணைந்து கிடக்கும், அவ்வளவுதான்.

முதலில் பிராசஸர்

மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம், இதை முடியாது. அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பக்கத்தில் பிராசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் என்றால் 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும்: ஐ5-8250யு தேறும், ஐ5-7400 தேறாது. ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து பார்க்கலாம். ஆனால் 2200ஜி, 2400ஜி இரண்டும் எண்ணில் 2000 வரிசையாகத் தெரிந்தாலும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. உள்ளே இருப்பது முந்தைய தலைமுறை வடிவமைப்பு.

அதே பக்கத்தில் 32-பிட் என்று இருந்தால் அப்கிரேடு வழியே கிடையாது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. டிஸ்க்கை அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பது காகிதக் கணக்கு. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத கம்ப்யூட்டரில் இதை ஏற்றினால் தினமும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு.

டிபிஎம்

டிபிஎம் என்பது பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப், விண்டோஸ் 11 இதைக் கேட்கும். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, 'டிபிஎம்.எம்எஸ்சி' என்று தட்டுங்கள். (இங்கே கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.) கீழே பதிப்பு 2.0 என்று காட்டினால் வேலை முடிந்தது. டிபிஎம் இல்லை என்று சொன்னால் தனி சிப் வாங்க ஓட வேண்டாம். 8-ம் தலைமுறை இன்டெல்லில் அது ஏற்கெனவே இருக்கிறது. பயாஸுக்குள் போய் இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருப்பதை இயக்குங்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பயாஸுக்குப் போக பெரும்பாலும் டெலிட் பொத்தான், லேப்டாப்பில் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10.

பயாஸில் எதைத் தொடும் முன்னும் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். டிபிஎம் அமைப்பு மாறினாலோ பயாஸ் அப்டேட் ஆனாலோ அடுத்த முறை அந்தச் சாவியைக் கேட்கும். இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பது போனதுதான்.

லெகசியில் போட்ட விண்டோஸ்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டி, பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ், விண்டோஸ் 11-க்கு இதுதான் வேண்டும்) என்றால் நல்லது. லெகசி (பழைய முறை) என்று இருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. அதை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். பலர் முதலில் பயாஸில் சிஎஸ்எம்மை (லெகசி முறையை ஓட்டித் தரும் அமைப்பு) அணைத்துவிடுகிறார்கள். டிஸ்க் எம்பிஆராகவே இருப்பதால் விண்டோஸ் எழுந்திருக்காது. டிஸ்க்கே இல்லை என்று திரையில் வரும். பயப்பட வேண்டாம், சிஎஸ்எம்மை மறுபடி இயக்கினால் பழையபடி வரும். சரியான வரிசை இது:

1. முக்கியமானதை எல்லாம் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள்.
2. டிஸ்க் மேனேஜ்மென்டில் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கின் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 0, பிறகு சேர்த்த எஸ்எஸ்டி என்றால் 1 ஆகவும் இருக்கலாம்.
3. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலோஃபுல்ஓஎஸ்' என்று தட்டுங்கள். இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது.
4. சோதனை தேறினால், வேலிடேட் என்ற இடத்தில் கன்வர்ட் என்று மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கோப்புகள் அப்படியே இருக்கும்.
5. அதன் பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்து, யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது படியில் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது பார்ட்டிஷன். கடைகளில் ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். எம்பிஆரில் டி, இ, எஃப் மூன்றும் பொதுவாக எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கலாக உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை இந்தக் கட்டளை மாற்றித் தராது. மூன்று பிரைமரிக்கு மேல் இருந்தாலும் தராது. டி, இ, எஃப்பில் இருப்பதை வெளியே நகலெடுத்து, அவற்றையும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் அழித்து, மாற்றி முடித்த பிறகு மறுபடி உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டு செருகியிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை கறுப்பாகவே நிற்கலாம். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டின் டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

அப்கிரேடு ஓட்டும் முன்

ஆக்டிவேஷன் பக்கத்தில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும். ஆகியிருந்தால் 11-க்குக் காசு கிடையாது. ஹோம் ஹோமாகவும் புரோ புரோவாகவும் போகும். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக வையுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள், அணைத்து வைத்தால் போதாது. பிரிண்டர், டாங்கிள், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லேப்டாப்பை சார்ஜரிலும் டெஸ்க்டாப்பை யூபிஎஸ்ஸிலும் வையுங்கள்.

ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவல் கோப்பு) இறக்கி அப்கிரேடு செய்பவர்கள் மொழியைக் கவனிக்க வேண்டும். இப்போது இருப்பது பிரிட்டிஷ் ஆங்கில விண்டோஸாக இருந்து அமெரிக்க ஆங்கில ஐஎஸ்ஓவை ஓட்டினால், "புரோகிராம்களையும் கோப்புகளையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு மங்கிவிடும். 'டிஸ்ம் /ஆன்லைன் /கெட்-இன்டிஎல்' என்ற கட்டளை எந்த மொழி என்று காட்டும். அதே மொழிக்கான ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

தமிழில் டிடிபி வேலை செய்பவர்களுக்கு: அப்கிரேடில் எழுத்துருக்கள் தங்கும், புதிதாகப் போட்டால் போய்விடும். சி டிரைவின் விண்டோஸ் போல்டரில் உள்ள ஃபான்ட்ஸை மட்டும் நகலெடுத்தால் போதாது. உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் நிறுவியவை ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் தனியாக இருக்கும். லதாவும் விஜயாவும் தமிழ் துணை எழுத்துருத் தொகுப்பில் வருபவை. புதிதாகப் போட்ட விண்டோஸில் இல்லையென்றால் லதாவில் அமைத்த கோப்பு வேறு எழுத்துருவில் திறக்கும், வரி உடையும், பக்க எண்ணிக்கை மாறும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் அந்தத் தொகுப்பைச் சேர்த்தால் சரியாகும்.

இடையில் நின்றால்

1900101 என்று முடியும் பிழை எண் வந்தால் பொதுவாக டிரைவர் கோளாறு. தயாரிப்பாளர் தளத்திலிருந்து சிப்செட், ஸ்டோரேஜ் டிரைவர்களையும் பயாஸையும் புதுப்பித்து மறுபடி ஓட்டுங்கள். 1900208 என்றால் ஒத்துப்போகாத புரோகிராம் ஒன்று தடுக்கிறது. அப்டேட் பக்கத்தில் மைக்ரோசாஃப்டே உங்கள் மாடலுக்கு நிறுத்தி வைத்திருப்பதாகத் தெரிந்தால், ஐஎஸ்ஓ வழியாகக் குறுக்கே புகாதீர்கள். விண்டோஸ் 11-ன் 2024 பதிப்பான 24ஹெச்2 வந்தபோது ஆசஸ் எக்ஸ்415கேஏ லேப்டாப்பை இப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள். மீறி ஏற்றினால் நீலத்திரை வரும் என்பதே காரணம்.

ஏற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம். 'டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60' என்று உடனே ஓட்டினால் 60 நாளாகும். அதுவரை விண்டோஸ்.ஓல்டு போல்டரை அழிக்கக் கூடாது.

அலுவலகத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் பகிர்ந்த போல்டர் புரோ 24ஹெச்2-க்குப் பின் திறக்காது. பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட, பகிரும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்குவதே முறை.

பிராசஸர் தேறவில்லை என்றால்

விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2-வில் அப்டேட் பக்கத்திலேயே நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் இலவசம், இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளோ 30 டாலரோ.

சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்ற ரூஃபஸ் போன்ற கருவிகள் உண்டு. வீட்டில் கூடுதலாக இருக்கும் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள். பிழைப்பு நடக்கும் கம்ப்யூட்டரில் வேண்டாம். ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்துக் கம்ப்யூட்டரில் அதுவும் நடக்காது: 24ஹெச்2-க்கு வேண்டிய பாப்கவுண்ட், எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் அந்தப் பிராசஸர்களில் இல்லை, விண்டோஸ் எழுந்திருக்கவே செய்யாது.