காற்றழுத்தம்: குழந்தைகளோடு வீட்டில் செய்து பார்க்கும் சோதனைகள்

காற்று கண்ணுக்குத் தெரியாது, கையில் கனமாகவும் தெரியாது. அது எல்லாப் பக்கமும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் குழந்தைகள் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டிய அவசியமும் இல்லை, செய்து பார்த்துவிட்டு நம்பட்டும். என் மகளோடும் அவள் தோழிகளோடும் செய்து பார்த்ததில் ஒழுங்காக வந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் "என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். முடிந்ததும் "எந்தப் பக்கக் காற்று அதிகமாத் தள்ளிச்சு?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் எல்லாம் வெறும் வித்தையாகப் போய்விடும். "உள்ளே இழுத்துக்கிச்சு" என்று பதில் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். காற்றால் தள்ளத்தான் முடியும், எதையும் பிடித்து இழுக்க முடியாது. ஒரு பக்கம் தள்ளுவது குறைந்தால் மறுபக்கம் ஜெயிக்கிறது. எல்லாச் சோதனையிலும் நடப்பது இதுதான்.

நனையாத காகிதம்

இது ஐந்து நிமிட வேலை. ஒரு காகிதத்தைக் கசக்கி டம்ளரின் அடியில் விழாதபடி திணியுங்கள். டம்ளரை நேராகக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நேராகவே வெளியே எடுங்கள். காகிதம் நனைந்திருக்காது. "காலி டம்ளர்" என்று நாம் சொல்வது காலி இல்லை, அதில் காற்று இருக்கிறது, தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்பது இதில் பிடிபட்டுவிடும். அடுத்த முறை தண்ணீருக்குள்ளேயே டம்ளரைச் சாய்க்கச் சொல்லுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும், காகிதம் நனையும்.

மூடி போட்டால் நிற்கும் தண்ணீர்

பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சூடான ஊசியால் ஒரு சின்னத் துளை போடுங்கள். இது பெரியவர்கள் வேலை. துளை 2 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிதாகிவிட்டால் அதன் வழியாகவே காற்று உள்ளே ஏறி, மூடி போட்டாலும் ஒழுகும். துளையை விரலால் அடைத்துக்கொண்டு, பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் வராது. மூடியைக் கொஞ்சம் திருகித் தளர்த்தினால் பீய்ச்சி அடிக்கும். மறுபடி இறுக்கினால் நின்றுவிடும்.

பாட்டிலைக் கழுத்தில்தான் பிடிக்க வேண்டும். உடம்பைப் பிடித்து அமுக்கினால் மூடி இறுக்கமாக இருந்தாலும் தண்ணீர் வரும்.

பாதி மட்டும் நிரப்பி ஒரு முறை செய்து பாருங்கள். இப்போது மூடியவுடன் நிற்காது, கொஞ்சம் ஒழுகிவிட்டுத்தான் நிற்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் வெளியேற வெளியேற, மேலே சிக்கிய காற்றுக்கு இடம் கூடுகிறது, அதன் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமானதும் ஒழுகல் நிற்கிறது. நின்ற பிறகு துளையருகே கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துளி வெளியே புடைத்தபடி, விழாமல் நடுங்கிக்கொண்டு இருக்கும்.

கவிழ்த்த டம்ளரும் அட்டையும்

எல்லோருக்கும் தெரிந்த சோதனை. பெரும்பாலோர் சொதப்புவதும் இதில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

டம்ளர் கண்ணாடியாக இருக்கட்டும், விளிம்பு சீராக இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் டம்ளர் வேண்டவே வேண்டாம். பிடிக்கும்போது அது நசுங்கும், அட்டை பிரியும். அட்டைக்குப் பலர் பழைய வாழ்த்து அட்டையைச் சொல்வார்கள். அது பரவாயில்லை, ஆனால் ஊறினால் தொய்ந்துவிடும். எனக்குப் பிடித்தது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபைல் உறையிலிருந்து வெட்டிய சதுரம். நனையாது, அடியிலிருந்து பார்த்தால் தண்ணீரும் தெரியும். விளிம்பைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, அட்டையை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் படியவிடுங்கள். உள்ளங்கையை விரித்து அட்டை முழுவதும் படும்படி வைத்து, வாளிக்கு மேலே ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். தயங்கித் தயங்கித் திருப்பினால் பாதி வழியில் ஓரம் திறந்துகொள்ளும். கவிழ்த்த பிறகு உடனே கையை எடுக்காதீர்கள், மூன்று எண்ணும் வரை பொறுங்கள். பிறகு கையை நேர் கீழே இறக்குங்கள். பக்கவாட்டில் உருவினால் அட்டையும் கூடவே வந்துவிடும். குழந்தைகளின் கை இங்கேதான் தவறும். முதலில் தண்ணீர் இல்லாமல் கை அசைவை மட்டும் பழக்கிவிடுங்கள்.

இப்போது கணக்கு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று சுமார் 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. டம்ளரின் வாய் 7 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 38 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, கீழிருந்து அட்டையைத் தள்ளுவது கிட்டத்தட்ட 40 கிலோ. உள்ளே இருக்கும் தண்ணீரோ கால் கிலோ. "அட்டை தண்ணியில ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகள், இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட பிறகுதான் அப்படிச் சொல்வதை நிறுத்தினாள். அந்தப் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. விளிம்பில் இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம் அதன் பரப்பு இழுவிசையால் காற்று உள்ளே புகாமல் அடைத்துக்கொள்கிறது. எடையைத் தாங்குவது காற்று, வாசலை அடைப்பது தண்ணீர்.

பாதி டம்ளர் தண்ணீரிலும் அட்டை நிற்கும். உள்ளே காற்று இருக்கிறதே, அதுவும் அதே 40 கிலோவோடு கீழே தள்ள வேண்டாமா என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. கவிழ்த்ததும் அட்டை முடி அளவு கீழே இறங்குகிறது, உள்காற்று விரிந்து அழுத்தம் குறைகிறது. 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்க உள் அழுத்தம் அரை சதவீதம் குறைந்தாலே போதும்.

கடைசியாக டம்ளரை மெதுவாகப் பக்கவாட்டில் சாயுங்கள். அட்டை அப்போதும் நிற்கும். காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை, எல்லாத் திசையிலிருந்தும் அழுத்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. முடிந்ததும் நகத்தால் அட்டையின் ஓரத்தைக் கிளப்பச் சொல்லுங்கள். ஒரு குமிழி உள்ளே போகும், எல்லாம் கொட்டிவிடும்.

மெழுகுவர்த்தி: விளக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்

தட்டில் சாயம் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தது, காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், ஆகவே ஐந்தில் ஒரு பங்கு ஏறியது" என்ற விளக்கம் பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. அது சரியில்லை. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்துவிடுகின்றன. தண்ணீர் ஏற முக்கியக் காரணம் சூடுதான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, ஒரு பகுதி விளிம்பு வழியே குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள் அழுத்தம் இறங்குகிறது, வெளிக்காற்று தட்டிலிருக்கும் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. குழந்தைகளைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்: தண்ணீர் மளமளவென்று ஏறுவது சுடர் அணைந்த பிறகு.

இதை உறுதிப்படுத்த இரண்டு வழி. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வையுங்கள், தண்ணீர் இன்னும் அதிகமாக ஏறும். டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் கூடவில்லையே! அல்லது நெருப்பே இல்லாமல் செய்யுங்கள். டம்ளரைச் சூடான தண்ணீரில் நன்றாக அலசி, உதறிவிட்டு, உடனே தட்டில் கவிழ்த்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறும். கொதிநீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்.

நசுங்கும் பாட்டில், நசுங்கும் கேன்

பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி சூடான தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கொட்டிவிட்டு, உடனே இறுக மூடுங்கள். குழாய்த் தண்ணீரில் காட்டினால் பாட்டில் சுருங்கி ஒடுங்கும். இதிலும் கொதிநீர் கூடாது. அந்தச் சூட்டிலேயே பாட்டில் இளகிவிட்டால், எது நசுக்கியது என்று சொல்ல முடியாது.

பெரியவர்கள் கையில் செய்து காட்டுவதற்கு அலுமினியக் குளிர்பானக் கேன். உள்ளே ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடாக்கக் கூடாது, வாயை அடைக்கவும் கூடாது. ஆவி வேகமாக வரும்போது இடுக்கியால் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் வாய்ப்பக்கம் அமிழும்படி சட்டென்று கவிழ்த்துவிடுங்கள். 'டப்' என்று ஒரே நொடியில் நசுங்கும். ஆவி தண்ணீரானால் அதன் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உள்ளே தள்ள ஆளில்லை, வெளிக்காற்று அடித்து நொறுக்குகிறது.

17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே இதையே பெரிய அளவில் செய்தார். இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்து வைத்து உள்காற்றைப் பம்பால் வெளியேற்றினார். இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரியவில்லை. காற்றை உள்ளே விட்டதும் கையாலேயே பிரிந்தது. கேன் நசுங்கிய சூட்டோடு இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

"அப்படீன்னா நாம ஏன் நசுங்கல?" என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். உடம்புக்குள் இருக்கும் நீரும் காற்றும் அதே அழுத்தத்தோடு வெளியே தள்ளுகின்றன என்று சொல்லுங்கள். மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்வது, இந்தச் சமநிலை கொஞ்ச நேரம் பிசகுவதால்தான்.

பாட்டிலுக்குள் முட்டை நுழையும் சோதனையை நான் செய்வதில்லை. மெழுகுவர்த்தியில் பார்த்ததுதான் அதிலும் நடக்கிறது, முட்டைதான் வீண். காகிதத்தின் மேல் ஊதித் தூக்கும் சோதனையும் இப்போது வேண்டாம். அதன் சரியான விளக்கம் வேறு பாதையில் போகும், இதுவரை கட்டியது குழம்பிவிடும்.

பின்சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். மெழுகுவர்த்திச் சோதனையில் தண்ணீர் ஏறவே இல்லை என்றால், டம்ளர் விளிம்பு தட்டோடு ஒட்டி அடைத்துக்கொண்டிருக்கும். விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயங்களை வையுங்கள், நாணயம் மூழ்கி விளிம்பும் அமிழும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். கேன் நசுங்கவில்லை என்றால் ஆவி உள்காற்றை முழுவதும் விரட்டவில்லை என்று அர்த்தம். ஆவி வேகமாக வரத் தொடங்கிய பிறகும் அரை நிமிடம் விடுங்கள். இடுக்கியை உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்தால், மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பியே கவிழ்த்துவிடலாம். கேனை மெதுவாகக் கொண்டுபோய்ப் பிறகு கவிழ்த்தால், போகிற வழியிலேயே காற்று உள்ளே புகுந்துவிடும். தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.