தலையசைப்பை நம்பி மருந்து கொடுக்காதீர்கள்

நான் செவிலியராகச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு. ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் வேண்டுமென்று ஒருவர் கேட்க, மாலையில் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. இரவு டியூட்டிக்கு வந்த நான் கட்டில் எண்ணைப் பார்த்தேன், பெயரைச் சொல்லி "நீங்கள்தானே ஐயா?" என்றேன். "ஆமாம்" என்றார். அவர் பெயரும் அதுதானே! இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி என் கையில். பஞ்சால் வயிற்றைத் துடைக்கும்போது அவர் கேட்டார்: "இதுவரை யாரும் வயிற்றில் ஊசி போடவில்லையே அம்மா?" வாயில் இரத்தம் வந்து சேர்க்கப்பட்டவர் அவர்.

அன்று முதல் நான் நோயாளியின் பெயரை என் வாயால் சொல்வதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். "உங்கள் முழுப் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேளுங்கள், அவர்கள் சொல்லட்டும். காது மந்தமானவரும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும், நம்மை எதிர்த்துப் பேசத் தயங்குபவரும் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையசைப்பார்கள். சொன்னதைக் கைப்பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் ஒப்பிடுங்கள். கட்டில் எண் அடையாளம் ஆகாது. பேச முடியாதவரிடம் கைப்பட்டைதான் ஆதாரம். அது கழன்றிருந்தால், அவர் யார் என்பதை உறுதிசெய்து புதுப் பட்டை கட்டிய பிறகே மருந்து. பத்து நாளாகப் பார்த்துப் பழகிய முகம்தானே என்று தோன்றும் நாளிலும் கேளுங்கள். "தினமும் கேட்கிறாயே" என்று சலித்துக்கொள்பவரிடம் காரணத்தைச் சொன்னால், மறுநாள் நாம் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார்.

ஒருவருக்கான மருந்தை எடுத்து, கொடுத்து, முடித்த பிறகே அடுத்தவருக்கு எடுக்க வேண்டும். நான்கு பேருக்கான சிரிஞ்சுகளை ஒரே தட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிரப்பிய உடனே மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதி ஒட்டுங்கள். சீட்டு ஒட்டாத சிரிஞ்ச் ஒன்று தட்டில் கிடந்தால், உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம், அப்புறப்படுத்திவிடுங்கள். மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவர் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

உடலில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். பார்வைக்குச் சாதாரண உப்புநீர்க் குப்பி போலவே இருக்கும். அடர் கரைசல் குப்பிகளை மற்ற மருந்துகளோடு அடுக்கி வைக்கக் கூடாது. தனியாகப் பூட்டி வைக்க வேண்டும், பொது வார்டில் இல்லாமலே இருப்பது இன்னும் நல்லது. இதற்கும் இன்சுலின், ஹெப்பாரின் போன்றவற்றுக்கும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். "இரண்டு மில்லி, சரிதானே?" என்று சிரிஞ்சைத் தூக்கிக் காட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் உங்கள் விடையைப் பார்க்காமல், மருத்துவர் எழுதியதிலிருந்து தானே கணக்குப் போட வேண்டும். இரண்டு விடையும் ஒன்றானால் போடுங்கள்.

எழுத்திலும் கவனம் வேண்டும். இன்சுலினுக்கு 'யூனிட்' என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கில 'யு' எழுத்தை மட்டும் போட்டால் அவசரத்தில் பூஜ்யமாகத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுதுங்கள். புள்ளிக்கு முன் பூஜ்யம் விடுபட்டால் அது ஐந்தாகிவிடும். ஐந்தை 5 என்றே எழுதுங்கள், 5.0 வேண்டாம்.

தொலைபேசியில் சொல்லப்படும் மருந்தை அவசரத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்கும்போதே எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டி, "சரி" என்ற பதில் வந்த பிறகே மருந்தை எடுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றாகவே விழும். "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் எரிச்சல்பட்டால் படட்டும்.

2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் மருந்துத் தவறுகளைக் குறைக்க உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியபோது, நோயாளி கைமாறும் நேரங்களைத் தனியாகச் சுட்டிக்காட்டியது. அந்தக் கட்டில் மாற்றத்தை அனுபவித்த எனக்கு அதில் வியப்பில்லை. டியூட்டி மாறும்போது கட்டிலருகே நின்று ஒப்படையுங்கள். யார் இடம் மாறினார்கள், எந்த மருந்து நிறுத்தப்பட்டது, ஒரே பெயரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி, எழுதியும் வையுங்கள்.

தவறு நடந்தாலும், நடக்கவிருந்து தப்பினாலும் அன்றே எழுதிக் கொடுங்கள். அந்த இரவு நான் எழுதினேன், கை நடுங்கியது. மேற்பார்வைச் செவிலியர் திட்டவில்லை, "கட்டிலை மாற்றியது ஏன் எழுதப்படவில்லை?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே கட்டில் மாற்றத்துக்குத் தனிப் பதிவேடு வந்தது.

நோயாளியோ உடனிருப்பவரோ "இந்த மாத்திரை வேறு நிறமாக இருக்கிறதே", "இது எனக்கு எதற்கு?" என்று கேட்டால் "டாக்டர் எழுதியதுதான், போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லாதீர்கள். கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். சீட்டை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படியுங்கள்.